பெயர்ப்பலகையில் எந்தக் குடும்பத்தை எழுதுவது?

கேள்வி: பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிவருகிறேன். வெங்காயமும் சோற்றுக்கற்றாழையும் லில்லியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று என்னிடமுள்ள பழைய தாவரவியல் நூல் சொல்கிறது. புதிய நூலிலோ இரண்டும் வெவ்வேறு குடும்பங்களில் இருக்கின்றன. தாமரையையும் அல்லியையும் பிரித்துவிட்டார்கள். ஸ்நேக் பிளான்டுக்குப் பேரினப் பெயரே மாறியிருக்கிறது. எதை நம்பி எழுதுவது?

பதில்: புதியதையே எழுதுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஓர் உயிரினம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது ஒன்று; அந்தக் குழுவை எந்தப் பெயரால் அழைப்பது என்பது மற்றொன்று. முன்னதைச் சான்றுகள் தீர்மானிக்கின்றன. வலுவான புதிய சான்று கிடைத்தால் முடிவும் மாறும். பின்னது ஏறக்குறைய சட்டம் போன்றது. தாவரப் பெயர்களுக்கென்று பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான தாவரங்களுக்கு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு நூலே அதன் தொடக்கப்புள்ளி. அதற்குப் பின் விதிப்படி முதலில் வெளியான பெயருக்கே பொதுவாக முன்னுரிமை.

லின்னேயஸ் பூவிலுள்ள மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் முதன்மையாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். ஒரு செடியை எளிதில் அடையாளம் காண அது உதவியது. உறவைக் காட்ட உதவவில்லை என்பது அவருக்கே தெரியும். அடுத்த நூற்றாண்டில், 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம், ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர்கள் இருவரின் வகைப்பாடு பல பண்புகளை ஒருங்கே பார்த்தது. உங்கள் பழைய நூல் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றியிருக்கும். ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், மேல்மட்டச் சூற்பை (இதழ்கள் சேரும் இடத்துக்கு மேலே அமைந்த சூற்பை) ஆகியவை இருந்தால் லில்லியேசியே என்று நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

சிக்கல் அந்த ஆறிலேயே இருக்கிறது. மும்மூன்றாக அமைந்த பூ, ஒருவித்திலைத் தாவரங்களின் மிகப் பழைய பொதுச்சொத்து. முப்பாட்டன் வழியாக ஊரிலுள்ள பாதிப்பேருக்கு வந்துசேர்ந்த மூக்கை வைத்து இருவரை உடன்பிறந்தோர் என்று சொல்ல முடியாதல்லவா? நெருங்கிய உறவைக் காட்டுபவை ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றி அதன் வழித்தோன்றல்களிடம் காணப்படும் பண்புகளே. இந்தக் கருத்தை 1950-இல் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் முறையாக வகுத்தளித்தார். டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும் வசதி வந்தபின், லில்லியேசியே என்ற பெரிய மூட்டை அவிழ்ந்தது. வெங்காயம் அமரில்லிடேசியேவுக்குப் போயிற்று. இலையற்ற நீண்ட தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் பூக்கொத்தைப் பார்த்தால், இந்த மாற்றம் கண்ணுக்கும் நியாயமாகவே தோன்றும்.

தாமரை, அல்லி விவகாரம் இதைவிடச் சுவையானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அல்லி இலையில் காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையோ பிளவில்லாத வட்டம், காம்பு அதன் நடுவில் குடைக்கம்பி போல் பொருந்தியிருக்கும். மகரந்தத்தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் தாமரையினுடையதில் மூன்று திறப்புகள் தெரியும். இது பெரும்பாலான இருவித்திலைத் தாவரங்களை உள்ளடக்கிய பெருங்கிளையின் அடையாளம். அல்லியின் மகரந்தத்தூளில் அந்த அமைப்பு இல்லை. அல்லி, பூக்கும் தாவரங்களின் வம்சமரத்தில் அடிமரத்துக்கு அருகிலேயே பிரிந்துபோன கிளை. தாமரைக்கு நெருங்கிய உறவினர்களோ நிலத்தில் வளரும் பிளேன் மரமும் புரோட்டியாவும்! நீரில் வாழும் வாழ்க்கையே இரண்டையும் ஒன்றுபோல் காட்டியிருக்கிறது. ஆகவே அல்லிக்கு நிம்ஃபியேசியே என்றும் தாமரைக்கு நெலும்போனேசியே என்றும் தயங்காமல் எழுதலாம்.

ஸ்நேக் பிளான்டின் கதை வேறு. சான்செவியேரியா என்று தனியாக வைத்திருந்த பேரினம், டி.என்.ஏ. சான்றின்படி டிரசீனா என்ற பேரினத்தின் கிளைகளுக்கு உள்ளேயே அமைந்திருப்பது தெரியவந்தது. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரையும் கொண்டதே முழுமையான குழு. ஒரு மகளின் வழியை மட்டும் விட்டுவிட்டு எழுதிய வம்சாவளி குறைபட்டதாகவே கருதப்படும். எனவே அது டிரசீனா டிரைஃபேசியேட்டா ஆயிற்று. சிற்றினப் பெயர் அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். (பறவைகளை விட்டுவிட்டு முதலையையும் பல்லியையும் மட்டும் ஊர்வன என்று சேர்ப்பதிலும் இதே குறைதான் இருக்கிறது, முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருக்கம்.)

சோற்றுக்கற்றாழையில்தான் நீங்கள் குழம்ப வாய்ப்பு அதிகம். ஏ.பி.ஜி. என்ற பன்னாட்டுத் தாவரவியலாளர் குழு பூக்கும் தாவரங்களுக்கு வகுத்த வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, 2009-இல் வெளியானது, அதைச் சாந்தோரியேசியே என்ற குடும்பத்தில் வைத்தது. 2016-இல் வந்த நான்காம் பதிப்பு அஸ்ஃபோடெலேசியே என்கிறது. செடி இடம் மாறவில்லை, குழுவும் மாறவில்லை. பெயர் விதியின்படி பலகை மட்டும் மாறியது. பூக்கும் தாவரங்களை 64 துறைகளாகவும் 416 குடும்பங்களாகவும் வகுக்கும் இந்த நான்காம் பதிப்பை எல்லாப் பலகைகளுக்கும் ஒரே சீராகப் பின்பற்றுங்கள். ஒரு பலகையில் பழைய முறை, அடுத்ததில் புதிய முறை என்று கலந்தெழுதுவதே உண்மையான பிழை. குடும்பத்தின் எல்லையை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இத்தனை வேறுபாடு இருந்தால் தனிக்குடும்பம் என்று அளந்து சொல்லும் அளவுகோல் இயற்கையில் இல்லை.

எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய லத்தீன் எழுத்தாகவும் சிற்றினப் பெயரை முழுவதும் சிறிய எழுத்துகளாகவும் சாய்வாக எழுதுங்கள். கையால் எழுதினால் அடிக்கோடிடலாம். அண்மையில் மாறிய பெயர்களுக்கு மட்டும் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் சேருங்கள். பழைய நூலைப் புரட்டும் மாணவருக்கு அது உதவும். ஐயம் வந்தால் கியூ தாவரவியல் பூங்காவின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் பழைய பெயரைத் தட்டினாலே இன்று ஏற்கப்பட்ட பெயரைக் காட்டிவிடும். குடும்பப் பெயருள்ள வரியைத் தனிப் பட்டையாக ஒட்டிவையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது முழுப் பலகையையும் மாற்ற வேண்டியிராது.