அறுபது வருடம் வாசிக்கப்படாத சிம்பொனி

கேள்வி: பீத்தோவன், மொசார்ட், பிராம்ஸ் இருக்கும்போது, பெயரே தெரியாத சிம்பொனிக்காரர்களை ஏன் தோண்டி எடுக்கிறீர்கள்? சரக்கு இருந்திருந்தால் காலமே காப்பாற்றியிருக்காதா?
— வாசகர், கோவை

பதில்: காலம் காப்பாற்றியது பெரும்பாலும் அச்சில் ஏறியதைத்தான். நாவல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தாலும் நாலு பேர் படித்துவிடலாம். பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதும் சிம்பொனிக்கு அந்த வசதி கிடையாது. எல்லா வாத்தியங்களின் இசையும் சேர்ந்திருக்கும் ஸ்கோரைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி நோட்டு எழுத வேண்டும். தந்தி வாத்தியக்காரர்கள் ஜோடியாக ஒரே நோட்டைப் பார்த்து வாசித்தாலும், நாற்பது பேர் குழுவுக்குக் கிட்டத்தட்ட முப்பது நோட்டு தேவை. எல்லாம் கையெழுத்து. ஹார்ன் என்னும் ஊதுவாத்தியக்காரரின் நோட்டில் ஓய்வு ஒரு பார் (தாளக் கட்டம்) விட்டுப்போனால், அவர் ஒரு பார் முன்னதாகவே நுழைந்துவிடுவார். ஒத்திகையில் பாதி அதைத் தேடுவதிலேயே போகும்.

ஸ்டாக்ஹோமில் பிறந்த ஃப்ரான்ஸ் பெர்வால்டை (1796–1868) எடுத்துக்கொள்ளுங்கள். 1842 முதல் 1845க்குள் நான்கு சிம்பொனிகள் எழுதினார். உயிரோடு இருக்கையில் மேடையேறியது ஒன்றே ஒன்று. 1843இல், ஒன்றுவிட்ட சகோதரர்தான் நடத்தினார். வாசிப்பு சொதப்பல், திட்டு மட்டும் எழுதியவருக்கு. 1845இல் முடித்த 'சின்ஃபோனி சேங்குலியேர்' முதன்முதலாக வாசிக்கப்பட்டது 1905இல்! மனிதர் பிழைப்புக்காக பெர்லினில் எலும்புக் கோணல் சிகிச்சை நிலையம் நடத்தினார், பிறகு ஸ்வீடனில் கண்ணாடித் தொழிற்சாலையை நிர்வகித்தார். விசாரணைக்கே வராத வழக்குக்குத் தீர்ப்பு எங்கிருந்து வரும்?

அந்த சிம்பொனி அரை மணி நேரம்தான். வழக்கமான நான்கு பகுதிகள் இல்லை, மூன்று. ஸ்கெர்ட்சோ எனப்படும் துள்ளலான வேகப் பகுதியைத் தனியே நிறுத்தாமல், மெதுவான இரண்டாம் பகுதியின் வயிற்றுக்குள் வைத்துவிட்டார். வயலின்கள் இழைந்து இழைந்து அடங்கும். இனி தூங்கலாம் என்னும்போது டிம்பனி என்னும் பெரிய முரசில் ஓர் அடி; ஸ்கெர்ட்சோ ஓட ஆரம்பிக்கும். அது ஓய்ந்ததும் பழைய மெதுநடை திரும்பும். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மெல்லிய இடம் காதில் விழவில்லை என்று சத்தத்தை ஏற்றிவைப்பீர்கள், அந்த நேரம் பார்த்து அடி விழும். இசைக்குழு நடத்துநர் நீமே யார்வி கோத்தன்பர்க் குழுவோடு நான்கையும் பதிவு செய்திருக்கிறார், அங்கே தொடங்கலாம். இன்னொரு நடத்துநர் மார்க்கெவிச் பெர்லினில் செய்த பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவில் சூடு அதிகம், ஆனால் இரண்டாவதாகக் கேளுங்கள்.

பாரிஸின் லூயிஸ் ஃபராங்க் கதையும் இதே ரகம். கணவர் இசைப் பதிப்பாளர். பியானோ உருப்படிகள் அச்சாயின, ஏனென்றால் வீட்டுக்கு வீடு விற்கும். முப்பது நோட்டு சிம்பொனியை யார் வாங்குவார்? மூன்று சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1847இல் எழுதிய மூன்றாவதை முதலில் கேளுங்கள்.

மறக்கப்பட்டவர்களில் சுமார் ரகமும் ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பிரசுரிக்கிறேன்.