சொந்தமாக ஒரு சின்ன டெக்னோ கிளப் நடத்தி, கூட்டம் சேர்ப்பது எப்படி?

கேள்வி இது: "பெரிய கம்பெனி எதையும் சாராமல் பெர்லினில் சின்ன நைட் கிளப் நடத்துபவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? டெக்னோ, ஹவுஸ் போன்ற எலக்ட்ரானிக் நடன இசை இரவுகளுக்கு எப்படி ஆள் சேர்க்கிறார்கள்? பெரிய டிஜே ஒருவரைக் கூட்டி வந்தால் போதுமா? சென்னையில் இப்படி ஒன்று தொடங்கும் ஆசை இருக்கிறது."

பெரிய டிஜே விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது. இருநூறு பேர் கொள்ளும் இடத்தில் பெரிய பெயர் ஒன்று வந்தால் வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும், காலையில் கல்லாவை எண்ணினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நான் பெர்லினில் க்ரொய்ட்ஸ்பெர்க் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் புக்கிங்கும் விளம்பரமும் பார்க்கிறேன். அதற்கு முன் அதே வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிக் கையில் முத்திரை குத்தினேன். படிக்க வந்த புதிதில் க்ளோக்ரூமில் கோட்டு மாட்டிக் கொடுத்தேன். குளிர்காலத்தில் க்ளோக்ரூம் வருமானத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள், அதுவே தனி வியாபாரம்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் இடத்தில் ஒரே நேரத்தில் 199 பேர் இருக்கலாம். ஏன் 200, 250 இல்லை என்றால், ஜெர்மனியில் 200 பேருக்கு மேல் கூடும் இடம் என்றாலே பெரிய அரங்குகளுக்கான விதிகள் வந்துவிடும். அவசர வழியின் அகலம், புகை வெளியேற்றம், தீத்தடுப்பு என்று ஒரு நீண்ட பட்டியல், அதற்கெல்லாம் ஒரு பெரிய செலவு. சின்ன இடங்கள் பல 199 என்ற எண்ணில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிநாட்டு டிஜே ஒருவர் 2,000 யூரோ கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 அவர் கைக்கு வர வேண்டும், வரி உங்கள் பாடு. ஏஜென்சிக்குத் தனியாக 15 சதவீதம், அது 300. விமானம் 200, ஓட்டல் 130, இரவுச் சாப்பாடும் டாக்சியும் 100. வெளிநாட்டுக் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோவுக்கு மேல் கொடுத்தால், 15 சதவீத வருமான வரியையும் அதன் மேல் ஒரு சிறு கூடுதல் வரியையும் நாம்தான் பிடித்துக் கட்ட வேண்டும். அவரிடமிருந்து பிடிக்க முடியாது என்பதால் நம் கையிலிருந்து போகும், ஏறக்குறைய 375. கலைஞர்களின் சமூகக் காப்பீட்டு நிதிக்குச் சம்பளத்தில் 5 சதவீதம் (2023 முதல் 2025 வரை இதுதான் விகிதமாக இருந்தது), இன்னொரு 100. கூட்டிப் பாருங்கள், 3,200 யூரோவைத் தாண்டும்.

டிக்கெட் 15 யூரோ. 7 சதவீத வாட் வரியைக் கழித்தால் கையில் நிற்பது 14. அந்த ஒருவருக்காக மட்டும் 229 பேர் காசு கொடுத்து உள்ளே வர வேண்டும். விடியும் வரை ஆட்கள் வந்துபோய்க்கொண்டு இருப்பார்கள் என்பதால் 199 பேர் இடத்தில் இது எட்டக்கூடிய எண்தான். ஆனால் வாடகை, மின்சாரம், சவுண்ட் பார்ப்பவர், வாசல் ஆட்கள், பார் ஆட்கள், கழிப்பறையை நடுராத்திரியில் மூன்று முறை கழுவுபவர் என்று யாருமே இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை. கெஸ்ட் லிஸ்ட்டில் ஓசியில் வருபவர்களும் வரவில்லை. அந்தப் பட்டியல் எப்போதும் நாம் நினைத்ததைவிட நீளம்.

இதையே உள்ளூர் ரெசிடென்ட் டிஜேக்கள், அதாவது நம் கிளப்பிலேயே தவறாமல் வாசிப்பவர்கள், நான்கு பேர், ஆளுக்கு 250 என்று போட்டுப் பாருங்கள். காப்பீட்டு நிதியும் சேர்த்து 1,050 யூரோ. 75 டிக்கெட்டில் அடைபட்டுவிடும்.

அந்த 7 சதவீதமும் சண்டை போட்டு வாங்கியது. வெறும் பொழுதுபோக்கு என்றால் 19 சதவீதம். 2016ல் பெர்க்ஹைன் கிளப் தொடர்பான வழக்கில் காட்புஸில் இருக்கும் நிதி நீதிமன்றம், அங்கே ஜனங்கள் வருவது இசைக்காகத்தான், ஆகவே கச்சேரிக்கு உரிய குறைந்த வரியே போதும் என்று தீர்ப்பளித்தது. 2020ல் நாட்டின் உச்ச நிதி நீதிமன்றமும் டெக்னோ கிளப்கள் விஷயத்தில் அதே பக்கம் நின்றது. வாசலில் 12 சதவீத வித்தியாசம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆள் சம்பளம்.

வாசல் காசு டிஜேவுக்குப் போகிறது, கிளப்புக்குச் சோறு போடுவது பார். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 1982ல் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் நியூ ஆர்டர் இசைக்குழுவும் சேர்ந்து திறந்தார்கள். 1988 வாக்கில் ஆசிட் ஹவுஸ் இசை அலை வந்தபோது உள்ளே கால் வைக்க இடமில்லை, ஐரோப்பா முழுக்கப் பேச்சு. ஆனால் எக்ஸ்டஸி போதை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் பீர் வாங்கவில்லை, தண்ணீர் குடித்தார்கள். இசைத்தட்டு விற்று வந்த பணம் கிளப்பின் நஷ்டத்தில் கரைந்தது. பிறகு ரவுடிக் கும்பல்கள் வாசலைப் பிடித்துக்கொண்டன. 1997ல் இழுத்து மூடினார்கள். நிரம்பி வழிந்த கிளப் திவாலாக முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் பாரில் அதிகம் போவது பீரும் கிளப் மாட்டேயும். மாட்டே என்பது காஃபின் கலந்த ஒரு தேநீர் சோடா. பாட்டிலை வாங்கி நாலு மடக்குக் குடித்துவிட்டு நீட்டினால், குறைந்த இடத்தில் பார்க்காரர் வோட்காவை ஊற்றித் தருவார். பாட்டிலுக்கு ஒன்றிரண்டு யூரோ பிணைத்தொகை வாங்கிக்கொள்வோம். காலையில் தரையில் கண்ணாடிச் சில்லு இல்லாமல் இருக்க அதுதான் காரணம். குழாய்த் தண்ணீர் இலவசம். ஹசியெண்டா கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஒருவர் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ் வரும் இரவோடு ஒப்பிட்டால் தண்ணீர் மிக மலிவு.

இனி கூட்டம். நான் விற்பது டிஜேவை இல்லை, ஒரு இரவை. அதற்கு ஒரு பெயர், மாதத்தில் மாறாத ஒரு கிழமை, மாறாத இரண்டு மூன்று ரெசிடென்ட்கள். மூன்று நான்கு மாதம் கூட்டம் இல்லாமல் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்காமலே வருகிற அறுபது எழுபது பேர் உருவாவார்கள். அந்த அறுபது பேர் இருக்கும் இரவில் எந்தப் புது டிஜேவையும் துணிந்து போடலாம். பெரிய பெயரை நம்பி வருபவர் அந்த டிஜே வாசித்து முடித்ததும் கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், அடுத்த மாதம் அவர் எங்கே வாசிக்கிறாரோ அங்கே போவார். போதாக்குறைக்கு, பெரிய ஏஜென்சிகள் இந்த ஊரில் இத்தனை வாரத்துக்குள் வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்று நிபந்தனை போடும். பெரிய கிளப்கள் முதலில் வாங்கிவிட்டால் நமக்கு மிச்சம்தான்.

ரெசிடென்ட் என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் கதவு நள்ளிரவில் திறக்கும், ஆடுதளம் நிரம்ப இரண்டு இரண்டரை மணி ஆகும். அந்த முதல் இரண்டு மணி நேரத்தைக் கையாள்வதுதான் வார்ம்-அப். நிமிடத்துக்கு 118, 120 தாள அடி வேகத்தில், குரல் அதிகம் இல்லாத, இடைவெளி விட்ட பாட்டுகள், அதுவும் பாருக்கு முன் நின்று பேச முடிகிற சத்தத்தில். கச்சேரியை வர்ணத்தில் தொடங்காமல் தில்லானாவில் தொடங்கினால் எப்படி இருக்கும்? இருபது பேர் நிற்கும் அறையில் 140 வேகத்தில் அடித்து நொறுக்கும் இளைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்து வருபவருக்கு ஏற இடமே இருக்காது, பார்ப் பக்கமும் யாரும் வர மாட்டார்கள். நல்ல வார்ம்-அப் டிஜேவுக்கு நான் சம்பளத்தில் பேரம் பேசுவதில்லை.

விளம்பரத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல். பெர்லினின் பல கிளப்களைப் போல நாங்களும் வாசலில் எல்லோருடைய கைபேசி கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். உள்ளே யாரும் படம் எடுக்க முடியாது, ஆகவே கூட்டம் ஆடும் வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட எனக்கும் வழியில்லை. பதிலாக, டிஜேவின் அனுமதியோடு அவர் வாசிப்பதை முழுதும் பதிவு செய்து சவுண்ட்கிளவுட் இசைத் தளத்தில் ஏற்றுகிறோம். புதிதாக வருபவர்களிடம் வாசலில் கேட்டால் பாதிப் பேர் "அந்த ரெக்கார்டிங் கேட்டேன்" என்கிறார்கள். கிளப் நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும் ரெசிடென்ட் அட்வைசர் இணையதளத்தில் நிகழ்ச்சியை நாலு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், டெக்னோ ஆட்கள் வார இறுதியைத் திட்டமிடுவது அங்கேதான். இசைத்தட்டுக் கடைகளில் ஃப்ளையர் வைக்கிறோம், பழைய முறைதான், ஆனாலும் அதை எடுத்துப் போகிறவர் கட்டாயம் வருகிறார். இணையத்தில் காசு கட்டிப் போடும் விளம்பரம் எங்கள் அளவுக்குப் பிரயோஜனம் இல்லை. சுற்றுலா வந்தவர்களை ஒரு முறை கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு முன் வந்தால் 10 யூரோ என்று வைத்திருக்கிறோம். ஐந்து யூரோ போனாலும் சீக்கிரம் வருகிறவர் பாரில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நிற்பார்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் கிளப்பை மூட வைக்க ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போதும். வீடும் கடையும் கலந்த பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டு ஜன்னலுக்கு வெளியே 45 டெசிபல்தான் அனுமதி, குடியிருப்புப் பகுதி என்றால் 40. உள்ளேயோ நாங்கள் ஓட்டுவது 99 டெசிபல் வரை, அரை மணி நேரச் சராசரியாக. கேட்பவர் காதைக் காப்பாற்ற ஜெர்மனி வைத்திருக்கும் தரம் அது. உயர்ந்த ஸ்வரங்களைச் சுவர் தடுத்துவிடும். பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி தடைபடாது, கட்டடத்தின் எலும்புக்குள்ளே ஏறிவிடும். எங்களுக்கு மேலே இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஒரு அம்மையார். அவருடைய கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவர் புகார் எழுதவில்லை, நேரே இறங்கி வந்து, "ராத்திரி ஒரு மணிக்கு மேல் வந்து நீங்களே கேளுங்கள்" என்று கூப்பிட்டார். போனோம். அறையில் இசை என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிக் டிரம் விழும் ஒவ்வொரு தடவையும் கோப்பைகள் மட்டும் கிணுகிணு என்றன. கீழே ஆள் நிறுத்தி ஒவ்வொரு அதிர்வெண்ணாகப் போடச் சொன்னோம், 50 ஹெர்ட்ஸ் அருகில்தான் அந்தச் சத்தம். சப்-ஊஃபர் என்னும் பாஸ் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் விரித்து, அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஒலியைக் குறைத்து, ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் பூட்டி வைத்தோம். இப்போது எங்கள் பொறுப்பாளரின் கைபேசி எண் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் வருகிறது. போலீஸுக்குப் போகும் முன் நமக்குப் போன் வர வேண்டும், அதற்கு என்ன செய்தாலும் தகும்.

சட்டம் கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கட்டடச் சட்டப்படி கிளப்கள் சூதாட்டக் கூடங்களோடு ஒரே வகையில் இருந்தன. 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம், இசைக் கிளப்களைக் கலாசார இடங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024ல் பெர்லின் டெக்னோ யுனெஸ்கோவுக்கான நாட்டின் மரபுப் பட்டியலிலும் ஏறியது. கேட்க நன்றாக இருக்கிறது, வாடகை மட்டும் குறையவில்லை. அதே 2024ன் கடைசியில்தான் ஸ்ப்ரீ ஆற்றங்கரையில் 2002 முதல் இருந்த வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது. டிரேசர் என்ற பெர்லின் கிளப்புக்கும் முன்பு ஒரு முறை இதே கதிதான். 1991ல் ஒரு பழைய பல்பொருள் கடையின் நிலவறைப் பெட்டக அறையில் தொடங்கி உலகப் புகழ் பெற்றது, நிலம் கைமாறியதும் 2005ல் வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய மின் நிலையத்தில் மறுபடி திறந்தார்கள். ஆகவே ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் குத்தகைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பத்து வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு ஒலித்தடுப்புச் சுவர் கட்டினால், போட்ட காசு வீட்டுக்காரருக்குத்தான்.

சென்னை விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நிலைமை அடிப்படையிலேயே வேறு. டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களை விட்டால், தமிழ்நாட்டில் பார் நடத்தும் உரிமம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்கும்தான், பெங்களூரு மாதிரி தெருவில் தனி பப் திறக்க வழியில்லை. அதாவது நீங்கள் கிளப் முதலாளி ஆக மாட்டீர்கள், ஓட்டலின் கூடத்தில் இரவு நடத்தும் அமைப்பாளர் ஆவீர்கள். வாசல் காசு உங்களுக்கு, பார் காசு ஓட்டலுக்கு என்றுதான் முதலில் பேசுவார்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தீர்கள் இல்லையா, அந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு மிஞ்சுவது நஷ்டம் மட்டும். இத்தனை ரூபாய்க்கு மேல் பார் விற்றால் அதில் இத்தனை சதவீதம் எனக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அவர்கள் காலியாக வைத்திருக்கும் வியாழக்கிழமையை வாடகை இல்லாமல் கேளுங்கள், இரண்டு உள்ளூர் ரெசிடென்ட்களை வைத்து ஆறு மாதம் நடத்துங்கள். வெளிநாட்டு டிஜேவுக்கு மெயில் அனுப்புவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.