மண்டையில் அடிபட்ட பிள்ளை எப்போது மறுபடி களமிறங்கலாம்?

ஊர்த் திருவிழாக் கபடியில் எங்கள் பையனின் பின்மண்டை தரையில் மோதியது. மயங்கவில்லை. தண்ணீர் தெளித்து, அரையிறுதி என்பதால் உடனே இறக்கிவிட்டோம். சரிதானே? (பயிற்சியாளர், உசிலம்பட்டி வட்டாரம்)

சரியில்லை ஐயா. மூளை அதிர்வு (அடியில் மூளை உள்ளே குலுங்குவது) ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மயக்கமே வருவதில்லை. அடிபட்டபின் திருதிருவென விழிப்பதும், தள்ளாடுவதும், ஆட்டத்தின் ஸ்கோரை மறப்பதுமே போதிய அடையாளம். என்னிடம் வந்த ஒரு பையனை மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். ‘டிசம்பர், நவம்பர், செப்டம்பர்’ என்றவன் அங்கேயே நின்று, அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதுவரை ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். கோப்பை அடுத்த ஆண்டும் வரும்.

இரவில் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாமே?

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தூங்கட்டும். தூக்கமும் மருந்துதான். ஆனால் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் மரத்தாலோ, எழுப்பியும் சரியாக எழாவிட்டாலோ, விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

தலையில் அடிபட்ட என் மகளுக்கு ஸ்கேன் நார்மல். ஆனாலும் ஒரு வாரமாக வகுப்பில் தலைவலி என்கிறாள். படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறாளோ? (தாய், மேலூர்)

நடிக்கவில்லை அம்மா. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான் காட்டும். மூளை அதிர்வில் பழுதாவது நரம்பணுக்களின் வேலைமுறை. அது படத்தில் விழாது. வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்காமல் போவது, படித்த வரியையே மறுபடி படிப்பது, காரணமின்றி எரிந்துவிழுவது எல்லாம் இதன் பகுதிதான்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் ஓய்வு, செல்போன் குறைவாக. அதற்காக இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கவும் வேண்டாம். மெல்ல நடப்பது ஆறுவதற்கு உதவும். பிறகு அரைநாள் பள்ளி, தேர்வு ஒத்திவைப்பு, நடுவில் சற்றுக் கண்மூடல். வகுப்பாசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் கொடுத்துப் பேசுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலைக்கவசம் போட்டால் பயமில்லையே?

மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2020 டிசம்பரில் கான்பெராவில் கிரிக்கெட் வீரர் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டபின், மூளை அதிர்வுக்கான மாற்று வீரராக அவருக்குப் பதில் சஹல்தான் பந்து வீசினார்.

தலையில் அடிபட்டிருக்கிறது. பத்து நாளில் மாவட்ட அணித் தேர்வு. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? (பதினாறு வயது மாணவன்)

கூடாது தம்பி. மாத்திரையால் அடங்கிய வலி, ஆறிய வலி ஆகாது. மறுபடி களமிறங்கப் படிகள் ஆறு: அன்றாட வேலை, வேகநடை அல்லது சைக்கிள், தலையில் அடிபட வாய்ப்பில்லாத தனிப்பயிற்சி, மோதல் இல்லாத குழுப்பயிற்சி, மருத்துவர் அனுமதியோடு முழுப்பயிற்சி, பிறகு போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் அன்றைக்கு நிறுத்து. மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்கு. முழுநாள் வகுப்பில் வலியின்றி உட்கார முடியாதவரை ஐந்தாம் படிக்குப் போகாதே. பயிற்சியாளரிடம் சொல்லப் பயமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் அப்படியே காட்டு.