கக்குற பிள்ளைக்கு மருந்து வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான். குடித்ததெல்லாம் கக்கிவிடுகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டாக்டர் அசிடிட்டி மருந்து கொடுத்தாராம். நானும் அதையே கொடுக்கலாமா? மாமியாரோ, "கக்குற பிள்ளை தக்கும், விடு" என்கிறார்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வாய்ச்சுருக்குப் போல ஒரு தசை இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது அடிக்கடி தளரும். சாப்பாடோ வெறும் பால், இருப்பதோ படுத்தபடி. எதுக்களிக்காமல் என்ன செய்யும்? நான்காம் மாதத்தையொட்டி இது உச்சத்துக்குப் போகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி நின்றுவிடும்.

'குடித்ததெல்லாம்' என்கிறீர்களே, ஒரு டீஸ்பூன் பாலைத் தோள் துண்டில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாகப் பரவுகிறது! துண்டை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். 14 வார ஊசிக்குப் போனபோது எடை பார்த்திருப்பார்கள். அது ஒழுங்காக ஏறியிருந்து, கக்கிய பிறகும் பையன் சிரித்துக்கொண்டிருந்தால் மருந்தே வேண்டாம்.

அசிடிட்டி மருந்து பாலின் புளிப்பைத்தான் குறைக்கும், மேலே வருவதை நிறுத்தாது. அமிலம் குறைந்தால் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு வேறு கூடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எடை ஏறாமல், பால் குடிக்கவே மறுத்து அழுதிருக்கலாம். அது நோய், அதன் வைத்தியம் வேறு. அப்போதும் பல நேரம் பசும்பால் ஒவ்வாமையா என்று பார்க்க, தாயை இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிரை நிறுத்தச் சொல்வோம். மருந்து அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இடையில் ஒருமுறை ஏப்பம் விட வையுங்கள். குடித்த பிறகு இருபது நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். குடித்த கையோடு தூளியில் போட்டு ஆட்ட வேண்டாம். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். தலையணை வைத்து உயர்த்தாதீர்கள்.

ஆனால் பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், பீய்ச்சியடிக்கும் வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது, காய்ச்சல், துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாமியார் பேச்சும் வேண்டாம், இந்தப் பதிலும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.