மெடூசா ஏன் கவிழ்ந்து கிடக்கிறாள்?

கேள்வி (மதுரை வாசகி): இஸ்தான்புல்லில் தரைக்கடியில் உள்ள பழைய நீர்த்தேக்கத்தைப் பார்த்தோம். இரண்டு தூண்களுக்கு அடியில் கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக்கூந்தல் மெடூசாவின் தலை, ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று தலைகீழாக. அவள் பார்வை பட்டால் கல்லாகிவிடுவோம் என்று பயந்து கிறிஸ்தவ மன்னர்தான் கவிழ்த்து வைத்தார் என்றார் கைடு. நிஜமா?

பதில்: கதை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய தண்ணீர்த் தொட்டி அது. 336 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர், அதில் பல பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை என்பதால் அளவு ஒன்றுபோல இருக்காது. குட்டையாகப் போன தூணுக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கல் வேண்டும், தலையை எப்படித் திருப்பினால் உயரம் சரியாக வருகிறதோ அப்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தொட்டி நிறைந்தபின் தலை தண்ணீருக்குள் போய்விடும். யார் கண்ணுக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டும்?

சரி, அப்போ பழைய கிரேக்கத் தெய்வமெல்லாம் அந்தக் காலக் கிறிஸ்தவர்களுக்கு வெறும் கல்தானா என்றால், அதுவும் இல்லை. ஏதென்ஸின் பார்த்தெனானைப் பாருங்கள். அதீனா கோயில் மாதா கோயிலானபோது, பீடம் கிழக்கே வர வேண்டும் என்பதற்காக வாசலையே மேற்குப் பக்கம் மாற்றினார்கள். கூரைக்குக் கீழே சுற்றிலும் 92 சதுரச் சிற்பப் பலகைகள். கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்று பக்கமும் உளியால் கொத்தி உருத்தெரியாமல் ஆக்கிவிட்டார்கள், தெற்கைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் (அந்தப் பக்கம் ஆள்நடமாட்டம் கம்மி என்பது ஒரு விளக்கம்). ஆனால் வடக்கு வரிசையின் கடைசிப் பலகை, 32-ஆவது, தப்பித்தது. பாறைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே மடிப்பு மடிப்பாக ஆடை தொங்க இன்னொருத்தி நிற்கிறாள். இரண்டுமே கிரேக்கப் பெண் தெய்வங்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த கிறிஸ்தவர்களுக்கு அது கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியாகத் தெரிந்திருக்கும், அதனால்தான் உளி படவில்லை என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆனால் மெடூசா கதையைவிட இதை நம்பலாம் என்பேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் கொத்தியவர்கள் இந்த ஒன்றை மறந்துபோய் விட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பலகை இப்போது ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மியூசியத்தில் இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், அங்கேயே இருக்கும் சிதைந்த பலகைகளோடு சேர்த்துப் பாருங்கள்.