எந்த ஒரிஜினல், நண்பரே?

கேள்வி: காமிக்ஸ் ஹீரோக்களைச் சினிமாக்காரர்கள் கொன்று புதைத்துவிட்டார்கள். 2025இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் அவர் இரண்டு நாடுகளின் சண்டைக்குள் மூக்கை நுழைக்கிறார். சூப்பர்மேனுக்கு எதற்கு அரசியல்? பேட்மேன் கொலையே செய்ய மாட்டார். 2016 படத்தில் காரிலிருந்து சுட்டுத் தள்ளுகிறார். இப்போது டாக்டர் டூமாக நடிக்க ராபர்ட் டவுனி ஜூனியர்! அயர்ன்மேனாகச் செத்தவர் வில்லனாகத் திரும்பி வருவதா? காமிக்ஸில் இல்லாத எதையும் படத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டும். எனக்கு ஒரே ஆறுதல் ஹார்லி க்வின். அவளுக்காவது இன்னொரு தனிப்படம் ஒழுங்காக எடுக்கட்டும். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'யை நான் புறக்கணிக்கப் போகிறேன். நீங்களும் உண்மையான ரசிகர் என்றால் உங்கள் பத்திரிகையில் அப்படி எழுதுங்கள் பார்ப்போம்!

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை)

பதில்: நான்கு பக்கக் கடிதத்தை இவ்வளவாகச் சுருக்கியதற்கு மன்னியுங்கள். வசவுகளை எடுத்ததுமே மூன்று பக்கம் போய்விட்டது.

ஹார்லியிலிருந்து ஆரம்பிக்கிறேன். காமிக்ஸில் இல்லாததைப் படத்தில் சேர்க்காதே என்று சட்டம் கேட்கிறீர்கள். கையோடு ஹார்லி க்வின்னுக்குப் படமும் கேட்கிறீர்கள். உங்கள் சட்டம் 1992இல் அமலில் இருந்திருந்தால் ஹார்லி பிறந்தே இருக்க மாட்டாள். அவள் பிறந்தது காமிக்ஸில் இல்லை, டிவி கார்ட்டூனில். பேட்மேன் கார்ட்டூன் தொடரின் ஓர் எபிசோடில் ஜோக்கருக்குப் பக்கவாத்தியமாக ஒருத்தி தேவைப்பட்டாள். எழுதியவர் பால் டினி, உருவம் கொடுத்தவர் புரூஸ் டிம். டினியின் தோழி ஆர்லீன் சார்கின் ஒரு டிவி சீரியலின் கனவுக் காட்சியில் கோமாளி வேஷத்தில் வந்திருந்தார். அதைப் பார்த்ததில் உதித்த யோசனை இது. ஹார்லிக்குக் குரல் கொடுத்ததும் அவரே. ஒரு நாள் கூத்துக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அடுத்த வருஷம்தான் காமிக்ஸ் அவளைத் தத்தெடுத்தது, அதுவும் அந்தக் கார்ட்டூனை ஒட்டி வந்த இதழில். பேட்மேனின் பிரதான காமிக்ஸ் கதைக்குள் அவள் நுழைய 1999 ஆயிற்று.

அவள் ஒருத்தி மட்டும் விதிவிலக்கு என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. தாவுவார். ஒரு தாவலுக்கு எட்டில் ஒரு மைல், நம் கணக்கில் சுமார் 200 மீட்டர். அவரை வானத்தில் பறக்கவிட்டதில் ரேடியோ நாடகத்துக்கும் 1941இல் தொடங்கிய ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் கார்ட்டூன் படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. குதித்துக் குதித்துப் போகிற வீரரைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தால் தவளை ஞாபகம் வந்திருக்கும், பாவம். அவரை வீழ்த்தும் கிரிப்டனைட் கல் 1943இல் ரேடியோவில் வந்தது. காமிக்ஸ் கதைக்குள் வந்தது 1949இல். அவர் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகையின் எடிட்டர் பெர்ரி ஒயிட்கூட ரேடியோவில் பிறந்தவர்தான்.

பேட்மேன் வீட்டு பட்லர் ஆல்ஃபிரட்டின் கதை இன்னும் வேடிக்கை. காமிக்ஸில் அவர் முதலில் குண்டாக, மழித்த முகத்தோடு இருந்தார். 1943இல் வந்த சினிமா சீரியலில் வில்லியம் ஆஸ்டின் என்ற ஒல்லி மனிதர், மெல்லிய மீசையோடு அந்த வேஷத்தில் நடித்தார். உடனே காமிக்ஸ் ஆல்ஃபிரட்டும் இளைத்து மீசை வைத்துக்கொண்டார். உடம்பைத் தேற்றிக்கொள்ளும் விடுதிக்குப் போய் வந்ததாகக் கதையில் ஒரு சாக்கு! ஜோக்கரின் சிரிப்பும் இரவல்தான்: 1928ஆம் வருஷத்து மௌனப்படம் ஒன்றில் கான்ராட் ஃபைட் சிரித்த சிரிப்பு அது.

எதற்கு அமெரிக்கா வரைக்கும்? 1972 முதல் முத்து காமிக்ஸில் நாம் படித்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் லூயி கிராண்டெல் என்ற பெயரில் அறிமுகமானபோது அவர் நல்லவர் இல்லை. மாயமாக மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் போனது குற்றத்தின் பக்கம். உளவாளியாகி உலகத்தைக் காப்பாற்றியதெல்லாம் பிற்பாடு. உங்கள் கணக்கில் இவரில் எவர் ஒரிஜினல்? பன்னிரண்டு வயதில் நம் கைக்கு எது கிடைத்ததோ அதைத்தான் நாம் எல்லோரும் ஒரிஜினல் என்கிறோம். நானும் அப்படித்தான், மறுக்கவில்லை.

சரி, அரசியலுக்கு வருவோம். புதிய படத்தில் பொராவியா என்ற நாடு பக்கத்து நாடான ஜார்ஹன்பூருக்குள் படையெடுப்பதை சூப்பர்மேன் தடுக்கிறார். இது இந்தக் காலத்து டைரக்டர் நுழைத்த சரக்கு என்று நினைக்கிறீர்கள். 1938இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் இரண்டாம் இதழைத் திறந்து பாருங்கள். ஆயுத வியாபாரி ஒருவரை வலுக்கட்டாயமாகப் பட்டாளத்தில் சேரவைத்து, அவர் விற்ற குண்டுகளுக்கு நடுவிலேயே நிற்க வைக்கிறார் சூப்பர்மேன். அப்புறம் சண்டை போடும் இரண்டு படைத் தளபதிகளையும் இழுத்து வந்து, 'நீங்கள் இரண்டு பேருமே அடித்துக்கொண்டு தீர்த்துக்கொள்ளுங்கள்' என்கிற தோரணையில் எதிரெதிரே நிறுத்துகிறார். இது இரண்டாம் இதழ்! முதல் இதழில் அவர் அடித்த ஆட்களில் ஒருவன் பெண்டாட்டியை அடிக்கும் புருஷன். 1939இல் ஒரு சேரியையே இடித்துத் தள்ளுகிறார், அரசாங்கம் அங்கே நல்ல வீடு கட்டித்தர வேண்டி வரட்டும் என்று. கிளீவ்லாந்தில் யூதக் குடும்பங்களில் வளர்ந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே படைத்த ஆள் அவர். அரசியல் இல்லாமல் எப்படி இருப்பார்?

1940 பிப்ரவரியில் 'லுக்' பத்திரிகைக்காக அவர்கள் இரண்டு பக்கக் கதை செய்து கொடுத்தார்கள். அதில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப்போய் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறார். அந்த ஏப்ரலிலேயே நாஜி எஸ்.எஸ். படையின் பத்திரிகை சீகலைத் திட்டித் தீர்த்தது. உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. இந்தப் புகாரின் வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று காட்டினேன், அவ்வளவுதான். அந்த 2025 படத்தில் குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது: காலை எட்டரை மணி டவுன் பஸ் மாதிரி பாத்திரங்கள் நெருக்கியடிக்கின்றன. அதை நீங்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

பேட்மேன் விஷயத்தில் உங்கள் கோபம் சரி, காரணம்தான் தப்பு. 'கொலையே செய்ய மாட்டார்' என்கிறீர்களே, 1939இல் அறிமுகமானபோது தாராளமாகச் செய்தார். 1940இல் வந்த பேட்மேன் முதல் இதழில் விமானத்திலிருந்து மெஷின் கன்னால் லாரியைச் சுடுகிறார். அதற்குப் பிறகு தலையிட்டு, கொலை கூடாது என்று கட்டளை போட்டவர் விட்னி எல்ஸ்வொர்த். அவர் ஓர் எடிட்டர்! அதே முதல் இதழில் ஜோக்கர் கத்திக்குத்துப்பட்டுச் செத்துப்போவதாக இருந்தது. 'இவ்வளவு நல்ல வில்லனை யாராவது கொல்வார்களா' என்று அதையும் தடுத்து, உயிர் இருக்கிறது என்று கடைசியில் ஒரு கட்டம் வரையச் சொன்னதும் அவர்தான். நீங்கள் இத்தனை வருஷமாகக் கட்டிக் காக்கும் தர்மம் எங்கள் இனத்தான் ஒருவர் சிவப்பு மையில் எழுதியது. பத்திரிகை ஆசிரியர்களைத் திட்டி எழுதும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டளை இல்லாவிட்டால் பேட்மேன் வேறு யார்? கையில் துப்பாக்கி வைத்திருக்கும் இன்னொரு பணக்காரர். 2016 படத்தின் மேல் எனக்கும் வருத்தம் உண்டு.

நடிகர் தேர்வில் ரசிகர்களின் ஜாதகம் அவ்வளவு சிலாக்கியமில்லை. மைக்கேல் கீட்டனைப் பேட்மேனாகப் போட்டபோது வார்னர் நிறுவனத்துக்கு 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் போனதாகச் சொல்வார்கள். 1989இல் படம் வந்ததும் எழுதிய கைகளே தட்டின. ஹீத் லெட்ஜரை ஜோக்கராக அறிவித்தபோதும் இதே புலம்பல். 2009இல், அவர் இறந்த பிறகு, அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. காமிக்ஸ் வோல்வரின் ஐந்தடி மூன்றங்குலம். ஹியூ ஜேக்மேன் ஆறடிக்கு மேல். இப்போது ஜேக்மேன் இல்லாத வோல்வரினை உங்களால் நினைக்க முடிகிறதா?

இனி டூம். இங்கே பாதி தூரம் உங்களோடு வருகிறேன்.

ஒரே நடிகர் இரண்டு வேஷம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. கிறிஸ் எவன்ஸ் 2005இல் ஹியூமன் டார்ச்சாக வந்தார், 2011இல் கேப்டன் அமெரிக்கா ஆனார். நீங்கள் கடிதம் போடவில்லை. அண்ணன் போலீஸ், தம்பி திருடன் என்று இரட்டை வேஷம் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. 2016இல் காமிக்ஸிலேயே டூம் அயர்ன்மேனின் இடத்தை எடுத்துக்கொண்டு கவசம் மாட்டித் திரிந்தார். அதையும் நீங்கள் படித்திருக்க வேண்டும்.

என் தகராறு முகமூடியோடு. 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஐந்தாம் இதழில் கொண்டுவந்த டூமுக்கு இரும்பு முகமூடியும் பச்சை அங்கியும்தான் உருவம். லட்வேரியா என்ற கற்பனை நாட்டின் அதிபதி, கர்வத்தின் சிகரம். சோதனை ஒன்று வெடித்து முகம் சிதைந்தது என்பது கதை. கர்பியோ வேறு மாதிரி நினைத்தார்: முகத்தில் ஒரு சின்னத் தழும்புதான், அந்த ஒன்றைக்கூடத் தாங்க முடியாத ஆள் என்பதால்தான் முகத்தையே மூடிக்கொண்டான். எனக்கு இந்த டூமைத்தான் பிடிக்கும். இப்படிப்பட்டவனை நடிக்கிறவர் குரலாலும் கண்ணாலும் நிற்கிற நிலையாலும் நடிக்க வேண்டும்; முகம் உதவிக்கு வராது. ஆனால் ஸ்டூடியோ பணம் கொடுப்பது உலகத்துக்கே தெரிந்த அந்த முகத்துக்கு! 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்ஸ் திருவிழா மேடையில் அறிவித்தபோது டவுனி முகமூடியோடு வந்து நின்றார், நின்ற கொஞ்ச நேரத்தில் கழற்றினார், கூட்டம் கூரையைப் பிய்த்தது. அன்றே எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.

முன்னால் வந்த டூம்களின் கதியும் நல்லதாக இல்லை. 2005இல் அவர் கம்பெனி முதலாளி; முகமூடி மாட்டுவதற்குள் படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. 2015இல் வந்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. காமிக்ஸில் இருந்த மாதிரியே முகமூடியும் பச்சை அங்கியுமாக டூம் வந்தது 1994இல் எடுத்த சின்ன பட்ஜெட் படத்தில். அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை!

டவுனி ஏன் என்று கேட்டால், விடை கதையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது. 2019இல், டவுனி அயர்ன்மேனாகச் செத்த 'எண்ட்கேம்' உலகம் முழுக்கச் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. 2023இல் 'தி மார்வெல்ஸ்' சுமார் 20 கோடியோடு படுத்தது. காங் என்ற வில்லனை நம்பிப் போட்ட திட்டமும், அந்த வேஷத்து நடிகரை அதே வருஷம் டிசம்பரில் நீக்கியதோடு சரிந்தது. வீடு ஒழுகினால் பழைய கொத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். டவுனியைக் கூப்பிட்டார்கள், 'எண்ட்கேம்' இயக்கிய ரூஸோ சகோதரர்களையும் கூப்பிட்டார்கள். முதலில் சொன்ன தேதி 2026 மே 1; அப்புறம் அது டிசம்பர் 18க்குத் தள்ளிப்போனது.

அப்புறம் அந்த 'உண்மையான ரசிகர்' சவால். உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு படைப்பாளியின் பெயர்கூட இல்லை, கவனித்தீர்களா? சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். 1975இல் ஷுஸ்டருக்குப் பார்வை மங்கிக் கிடந்தது, சீகல் குமாஸ்தா வேலையில் இருந்தார். சக ஓவியர்கள் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் என்று, உரிமையைக் கையில் வைத்திருந்த வார்னர் இறங்கிவந்தது. பேட்மேனை பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்தார். அவர் பெயர் முறையாகப் போடப்பட்டது 2015இல். கர்பியின் குடும்பத்துக்கு மார்வெல் கம்பெனியோடு சமரசம் ஆனது 2014இல், அவர் இறந்து இருபது வருஷம் கழித்து. யார் கவசம் மாட்டுகிறார் என்பதற்குப் புறக்கணிப்பு, இதற்கு ஒரு தபால் கார்டும் இல்லை.

'டூம்ஸ்டே'யைப் புறக்கணிக்கச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. முதல் நாளே போகிறேன், கையில் கடிகாரத்தோடு. டவுனி முகமூடியைக் கழற்றாமல் எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறார் என்று எண்ணப்போகிறேன். முப்பது நிமிஷத்துக்குள் கழற்றிவிட்டால், வெட்டிய மூன்று பக்க வசவையும் அடுத்த இதழில் எழுத்துப் பிசகாமல் போடுகிறேன். அதைத் தாண்டிவிட்டால் கோவை வரும்போது டீ உங்கள் செலவு. வடையோடு.