கரண்ட் வைக்க எதற்கு அவ்வளவு தூரம்?

மண்டலப் புற்றுநோய் சிகிச்சை மையம் ஒன்றில் கதிரியக்க சிகிச்சை நிபுணராகப் பணியாற்றும் டாக்டர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பக்கத்திலேயே இருக்கும் மண்டல மையத்தில் 25 நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்க வேண்டும், வாரம் ஒரு கீமோ என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, இங்கே வைத்திருந்தால் தேறாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 25 நாளும் அம்மாவோடு அலையப்போவது நீங்கள்தானே? அம்மாவுக்கு எழுதியிருப்பது, இந்த நோய்க்கு உலகம் முழுக்க எழுதும் அடிப்படைச் சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், மொத்தம் 45 கிரே கதிர் (கதிரை அளக்கும் அலகுதான் கிரே). கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அதன்பின் உள்கதிர், அதாவது கதிர் வீசும் துண்டை உடலுக்குள்ளேயே சற்று நேரம் வைத்து எடுப்பது. சிஸ்பிளாட்டின் 1978-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. கதிரோடு சேர்த்துக் கொடுத்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்பது 1999-ல் வெளியான ஆய்வுகளில் உறுதியானது. எங்கே போனாலும் இதே மருந்துதான். நோய் முற்றிய நிலையில் சிலருக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) சேர்க்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அம்மாவுக்கு அது தேவையா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

இந்த நோயில் நாங்கள் பயப்படுவது இடைவெளிக்கு. வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் புற்றணுக்கள் அதற்குள் மளமளவென்று பெருகிவிடும். தங்க இடமில்லை, துணைக்கு ஆளில்லை என்று தூரத்தில் தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஃபைலோடு என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் உண்டு. ஃபைலைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது கடைசி சிட்டிங் எந்தத் தேதியில் என்பதைத்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த மையத்தில் உள்கதிர் வசதி இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள், தேதி வாங்கியாயிற்றா? ஐந்தாவது வாரம் முடிந்த பிறகு இதைக் கேட்டால் காலம் கடந்துவிடும்.

நானே வெளியே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள், குழந்தைகள், கணையத்திலும் உணவுக்குழாயிலும் பெரிய அறுவை சிகிச்சை வேண்டியவர்கள். நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கும் அனுப்புவேன். அதற்குப் போடும் ஊசியில் உள்ள ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். தூரத்திலிருந்து வரவழைத்தால் வழியிலேயே பெரும்பகுதி தீர்ந்துபோகும்.

கேள்வி: எனக்கு உள்கதிர் வைக்கிறார்கள். என்னோடு சிகிச்சைக்கு வரும் இன்னொரு அம்மாவுக்கு இரண்டு மாதம் முன்பு ஆறு நிமிடத்தில் முடிந்ததாம். எனக்குப் பதினோரு நிமிடம். எனக்கு நோய் அதிகமா? மறைக்கிறார்களா?

பதில்: பெஞ்சில் உட்கார்ந்து நிமிடக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்காதவர்களே இல்லை! பயப்படாதீர்கள். கம்பி முனையில் வைத்து உள்ளே அனுப்பும், கதிர் வீசும் இரிடியம்-192 துண்டு சில மில்லிமீட்டர் நீளம்தான். அது 74 நாளில் பாதி வீரியம் இழந்துவிடும். அதே அளவு கதிர் உங்கள் உடலில் சேர, துண்டு கூடுதல் நேரம் உள்ளே நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குழாய் வைக்கும் அமைப்பைப் பொறுத்தும் நேரம் மாறும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுத் துண்டு வரும். அந்த வாரம் வருகிறவர்கள், ‘என்ன டாக்டர், அவசர அவசரமா முடிச்சுட்டாங்களே’ என்று சண்டைக்கு வருவார்கள். துண்டு பெட்டிக்குள் திரும்பிய பின் உங்கள் உடலில் கதிர் எதுவும் தங்காது. பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கேள்வி: மருத்துவப் படிப்பை இப்போதுதான் முடித்தேன். புற்றுநோய்த் துறைக்கு வந்து, பெருநகரம் அல்லாத ஒரு மையத்தில் வேலை செய்ய ஆசை. அங்கே நாள் எப்படிப் போகும்?

பதில்: பெரிய ஆஸ்பத்திரிகளில் மார்பகத்துக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே எல்லாம் ஒரே மேசைக்கு வரும். காலையில் நாக்கு, அடுத்து மார்பகம், அதற்கடுத்து மலக்குடல். படித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டால் ஆகாது. ட்யூமர் போர்டு என்ற பல துறை டாக்டர்கள் கூட்டத்தில் வீடியோவில் மற்ற மையத்து நிபுணர்களோடு சேர்ந்து கேஸ்களைப் பேசுகிறோம். பாதி நாள் நோயாளிகளோடு. மீதி கம்ப்யூட்டர் முன்னால்: சி.டி. படத்தை வெட்டு வெட்டாக நகர்த்தி, கட்டி இதுவரை, உமிழ்நீர்ச் சுரப்பி இது, தண்டுவடம் இது என்று எல்லை வரைய வேண்டும். கண் எரியும்.

காலையில் முதல் நோயாளி படுக்கும் முன் எங்கள் இயற்பியலாளர் மெஷினின் கதிர் அளவைச் சோதிப்பார். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், காரணம் தெரியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆள் இல்லாமல் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இருப்பதே ஒரு மெஷின், அது படுத்துவிட்டது என்று வையுங்கள். பெஞ்ச் நிறைய ஆட்கள். சரியானதும் யார் முதலில்? தலை-கழுத்து, கர்ப்பப்பை வாய் நோயாளிகளுக்கு நாள் நழுவக் கூடாது. அவர்களைச் சனிக்கிழமையும் வரச்சொல்வோம். அல்லது ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு சிட்டிங் வைப்போம். எலும்பு வலி குறையக் கதிர் வாங்க வந்தவர் ஓரிரு நாள் பொறுக்கலாம் என்பது விதி. விதி சரிதான். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய் ‘நாளைக்கு வாங்க ஐயா’ என்று சொல்ல வேண்டியது நீங்கள். முதலில் வலி மருந்தின் அளவைக் கூட்டி எழுதுங்கள், அப்புறம் சொல்லுங்கள். இதை ஜூனியர்களிடம் தள்ளிவிடும் சீனியர்களை எனக்குப் பிடிக்காது.

வாருங்கள், ஆள் வேண்டும்.

கேள்வி: கணவருக்குக் கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது. லேசான காய்ச்சல் வந்தால் அடுத்த செக்-அப் வரை பாராசிட்டமால் கொடுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பல கீமோக்களில் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள்தான் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி தொற்றினாலும் சீழ் கட்டாது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும். வீட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால், நடு இரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எங்கள் மையம் தூரமென்றால் அருகில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து எங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கீமோ அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காராதீர்கள்; ‘கீமோ போட்டவர், காய்ச்சல்’ என்று கவுன்ட்டரில் சத்தமாகச் சொல்லுங்கள்.